வெண்ணாறு வடியும் ஞாயிறு

செப்டம்பர் 2, செவ்வாய்

ஒரு வீட்டில் கோபம் வந்தால் என்ன நடக்கும் என்பதை, அங்கே போய்க் காபி குடித்துவிட்டு வந்தவள் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரியவில்லை. செழியனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள் செம்மொழி. என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து, “நீ பாத்துச் சொல்லு, போதும்” என்று மகள் விஷயத்தை என் தலையில் வைத்துவிட்டார். பூதலூர் போய் வந்தேன். பையன், அம்மா அமிர்தம், அப்பா தங்கையன், மூவருக்கும் சிரித்த முகம். என் மாமியாரும்தான் பெண் பார்க்க வந்தபோது சிரித்தார். அந்த மாமியார் வீட்டில் யாருக்காவது கோபம் என்றால் பேச்சு நின்றுவிடும். ஒரு வருஷம் ஆடி மாதம் முழுக்க நின்றது. என் பெண்ணுக்கு அது வேண்டாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

அமிர்தம் போன் செய்தார். தபால் ஆபீஸில் வேலை. லீவு நாளில் வெண்ணாற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுவாராம்.

“அன்னைக்கு நீங்க பேசவே இல்லையே மேடம். வாங்க, ஆத்துல நிப்போம். மீனுக்குக் காத்துக்கிட்டு நின்னா பேச்சு தானா வரும்.”

“நான் மீன் பிடிச்சதே இல்லீங்க.”

“அது மீனுக்குத் தெரியாதுல்ல.”

சரி என்று சொன்னது என் வாய்தானா?

செப்டம்பர் 8, திங்கள்

தண்ணீர் குறைவு என்பதால் கல்லணையில் முறை வைத்துத் திறக்கிறார்கள். சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு. வெண்ணாற்று முறை நடக்கும்போது இறங்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். மூடி இரண்டு நாள் போனால் முழங்கால் அளவுக்கு வடியும், நிற்கலாம். வெள்ளியன்று முறை மாறுகிறது. ஆகவே ஞாயிறு. அதை விட்டால் கிடையாது. அடுத்த வாரம் புரட்டாசி பிறக்கிறது, அமிர்தம் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி இல்லை. அப்புறம் மழை.

பேப்பரில் கல்லணைத் தண்ணீர்க் கணக்கைத் தினமும் பார்த்து வரைபடம் போடுகிறேன். புள்ளியியல் பாடம் நடத்துகிறவளின் புத்தி. “இது மீனுக்கா, என் கல்யாணத்துக்காம்மா?” என்கிறாள் செம்மொழி. இரண்டுக்கும்தான். சொல்லவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஆற்றில் இறங்கப் பழைய சுடிதார்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சுருங்கிவிட்டன — அல்லது.

செப்டம்பர் 12, வெள்ளி

வெண்ணாற்றை மூடவில்லை. அமிர்தம் விசாரித்துவிட்டார். விவசாயிகள் போய்க் கேட்டு முறையைச் சில நாள் நீட்டிக்கொண்டார்களாம். “எவன் போயிக் கேட்டானோ” என்றார். எனக்கு ஏன் இவ்வளவு ஏமாற்றம்? மீன் தின்னாம செத்தா போயிடுவேன்?

செப்டம்பர் 13, சனி

சாயங்காலம் அமிர்தம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தங்கையன் குரல்.

“போயிக் கேட்டது நான்தான், அமிர்தம்.”

அமிர்தம் போனை எங்கோ வைத்துவிட்டார், அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. நாகரிகம் இல்லைதான். ஆனால் இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் அலைந்தேன்?

“வாரம் பூரா நான் தூண்டிலுக்கு நரம்பு மாத்துறதையும் முள்ளு கட்டுறதையும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?”

“நட்ட பயிரு காயுது. தண்ணி கேக்காம இருக்க முடியுமா? ஒங்கிட்ட சொல்லத்தான் பயம்.”

“பயமா? பாக்கு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஆபீசரைப் பாக்கப் போனப்ப அந்தப் பயம் எங்க போச்சு?”

“அம்மா, விடும்மா.” இது செழியன்.

“நீ நடுவுல வராத. அவரு வாயாலயே சொல்லட்டும்.”

“சொல்லாதது தப்புதான். தண்ணி கேட்டது தப்பில்ல.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இதோ, நின்றுவிட்டது பேச்சு என்று நினைத்தேன். தட்டு வைக்கும் சத்தம்.

“சாப்புடுங்க. நான் இன்னும் முடிக்கல. சாப்புட்டுக்கிட்டே கேளுங்க.”

நான் சிரித்துத் தொலைத்தேன்.

“மேடம்? லைன்லயா இருக்கீங்க?”

“இருக்கேங்க.”

“எல்லாம் கேட்டாச்சா?”

“கேட்டாச்சு.”

“அப்ப மீதிய நாளைக்கு நேர்ல வந்து கேளுங்க.”

ஆற்றில் நிற்க முடியாது. எதற்குப் போவது? செம்மொழியிடம் காலை ஏழு மணிக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனோம். வெண்ணாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. எட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். தங்கையன் எங்களைத் தன் வயலுக்குப் பாயும் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். முழங்காலளவு தண்ணீர். பயிர் தெளிந்து நின்றது.

“பரிகாரம் பண்றாராம்” என்றார் அமிர்தம். முதல் அடியிலேயே நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். செம்மொழியும் செழியனும் சிரித்த சிரிப்பை எழுதப்போவதில்லை. ஒரு கெளுத்தி மாட்டியது. முள் குத்தும் என்று அமிர்தமே கழற்றிக் கொடுத்தார். நடுநடுவே அவர் கணவரைத் திட்டுவதும், அவர் கரையிலிருந்து பதில் சொல்வதும் நடந்துகொண்டே இருந்தது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான்தான் எடுத்தேன்.

“தை கடைசியில முகூர்த்தம் வச்சுக்கலாங்க. அதுக்குள்ள மேட்டூர் அணைய மூடிடுவாங்க. வெண்ணாறும் வடிஞ்சிருக்கும்.”

அமிர்தம் திரும்பி என்னையே பார்த்தார்.

“அமிர்தம், மிதப்பு முங்குது பாரு, மீனு கடிக்குது” என்று கத்தினார் தங்கையன்.

“முங்கட்டும்” என்றார் அவர்.