இடக்கையின் வெளிச்சம்

நீ போனபின் உன் வீட்டுக்காரி திருப்பித் தந்த லேப்டாப் பையைத் திறந்தால் இன்னும் ரப்பர் ஷீட் வாசம். வெள்ளறடையில் உன் முன்னறையில், உலரப் போட்ட ஷீட்டுகளுக்கு அடியிலேயே பியானோவை வைத்திருந்தாய். "மழ பெஞ்சா வேற எடம் ஏது மக்கா?" என்பாய்.

காது மங்கத் தொடங்கியபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். பியானோ மென்பொருளுக்கு ஒளி செய்வது என் பிழைப்பு. கட்டையை அழுத்தினால் திரையில் ஒரு பட்டை எழும்பும், நுனியில் பொறி பறக்கும். "பலமா அடிச்சா வெளிச்சம் கூடணும், மெதுவா அடிச்சா மங்கணும். அது மட்டும் செஞ்சு தா. சபைல பாட்டுக்கு மேல எனக்க சத்தம் போவாம பாத்துக்கிடுவேன்" என்றாய். செய்து, என் பழைய லேப்டாப்பில் ஏற்றித் தந்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இனி இதாக்கும் எனக்கு காது" என்று சிரித்தாய்.

பிறகு கம்பெனியில், மங்கிய பட்டைகள் விளம்பர வீடியோவில் எடுப்பாக இல்லை என்றார்கள். மெதுவாக அடித்தாலும் பளிச்சென்று எரியும்படி மாற்றினேன். அந்தப் புதிய பதிப்பை உன்னிடம் இருந்த லேப்டாப்பிலும் நானே ஏற்றினேன். மாற்றியதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சொன்னால் நீ பழையதையே கேட்பாய், இரண்டையும் யார் பராமரிப்பது என்ற சோம்பல்தான் உண்மை.

அன்று ஒரு ஞானப்பாட்டை வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "எலே, உள்ளதச் சொல்லு. இடக்கை கூடுதலா கேக்குதா?" நான் பொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அழகாகப் பறந்தன! கட்டைவிரலை உயர்த்தி, "அடிபொளி" என்றேன்.

சபையில் உன் சத்தத்தில் பாடுகிறவர்கள் முங்கிப்போனார்கள். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசில்லாமல், ஆம்ப்ளிஃபயரில் உன் பியானோவின் சத்தத்தை மட்டும் முழுதாக இறக்கிவைத்தார்கள். அது தெரியாமலே வாரந்தோறும் வாசித்தாய். கடைசியில் உன் வீட்டுக்காரிதான், ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி, உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்.

அதன்பின் பியானோவை மூடிய துணியை நீ எடுக்கவே இல்லை. நான் வந்தபோது, "ஸ்கிரீன்ல எல்லாம் சரியாட்டுத்தான் இருந்துது. எனக்க கைதான் கெட்டுப்போச்சு" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாவி நான், சாயாவைக் குடித்துவிட்டு குன்னத்துகாலுக்குப் பஸ் ஏறினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் உன் அடக்கம்.

நேற்று அந்த லேப்டாப்பில் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி, நீ அன்று வாசித்துப் பதிந்திருந்த அதே ஞானப்பாட்டைப் போட்டேன். இடக்கைப் பக்கம் முழுக்க வெள்ளையாக எரிந்தது. வலக்கையின் ராகம் இருக்கிற இடமே தெரியவில்லை. ஒரே ஒரு தடவை இதைப் பார்த்திருந்தால் போதும், நீ இடக்கையை மெதுவாக்கியிருப்பாய்.

திரையை மறைத்துவிட்டு மறுபடி கேட்டேன். இப்போதெல்லாம் எந்த ஒளியைச் செய்தாலும் முதலில் அப்படித்தான், கண்ணை நம்புவதில்லை. நீ வாசித்து முடித்த இடத்தில் பதிவில் சற்று நேரம் ஒன்றும் இல்லை. என் பக்கம் நீ திரும்பிய நேரம் அதுதான்.

ஆமா மக்கா, இடக்கை கூடுதலாக்கும். உனக்க கை கெட்டுப்போகல.