எண்பத்து நான்கும் நூற்று முப்பத்தொன்றும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

எங்கள் ஆய்வகத் தலைவர் விஸ்வநாத் சார் இன்று மறுபடியும் எங்கள் புரதத்தின் படத்தைத் திரையில் போட்டு, அதில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் சிவப்புக் கோட்டைச் சுட்டிக்காட்டி, ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். கோவிலில் தீபாராதனை காட்டும்போது நிற்பார்களே, அப்படி.

எங்கள் புரதம் இறால் ஓட்டைச் செரிக்கும் ஒரு நொதி. இறால் உரிக்கும் கொட்டகையின் கழிவில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து எடுத்தது. நானூறு சொச்சம் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, சுருண்டு முடிச்சாகக் கிடக்கிறது. சங்கிலியில் எங்கோ இருக்கும் இரண்டு, முடிச்சுக்குள் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடும். யாருக்கு யார் அண்டை என்று கணக்கெடுப்பதுதான் என் உத்தியோகம். நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் 'தொடர்பு'. ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஓர் ஆங்ஸ்ட்ராம். ஒரே அறையில் பத்து வருடம் உட்கார்ந்தும் தொடர்பே ஏற்படாமல் இருக்கலாம் என்பதற்கு எங்கள் ஆய்வகம் இருக்கிறது.

என் கணினி நிரல் கண்டுபிடித்த தொடர்புகளின் ராஜா, சங்கிலியின் 84-ஆம் அமினோ அமிலத்துக்கும் 131-ஆம் அமினோ அமிலத்துக்கும் இடையிலானது. 2.1 ஆங்ஸ்ட்ராம். கட்டுரையில் 'அசாதாரண நெருக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சார் அதற்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்து மூன்று மாநாடுகளில் கைத்தட்டல் வாங்கிவிட்டார். இந்தப் பூட்டு இருப்பதால்தான் நொதி சூட்டில் சீக்கிரம் குலைவதில்லையாம். கட்டுரை ஓர் இதழின் பரிசீலனையில் இருக்கிறது.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. இந்த நோட்டு மேசையில் திறந்து கிடந்தாலும் மலையாளிகள் நிறைந்த ஆய்வகத்தில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

மார்ச் 11

எங்கள் ஆய்வு மாணவி மஞ்சுஷா பூட்டை உடைத்தாள். அதாவது 84-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு குட்டி அமினோ அமிலம் இருக்கும்படி நொதியைத் தயாரித்து, சூடாக்கிப் பார்த்தாள். இது முன்னதாகவே குலைய வேண்டும். பழையது 61 டிகிரியில் குலைகிறது. புதியதும் 61.

"ஏழாவது தடவை சேச்சி. அறுபத்தொண்ணு தன்னே," என்றாள் என்னிடம், அக்காவிடம் முறையிடுவது போல.

சார் எல்லோர் முன்னிலும் சொன்னார்: "மஞ்சுஷா, நீ வைப்பின் தீவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றது நொதிக்குத் தெரியாது. அதுக்குச் சுத்தமான கை மட்டும்தான் தெரியும்."

சிரித்தார்கள். நானும்தான். அவள் கை மேல் எனக்கும் மரியாதை இல்லை. சாயா கிளாஸைக்கூட இரண்டு கையாலும் பிடிப்பவள். குழந்தையைக் குளிப்பாட்டுவது போல.

மார்ச் 19

சார் பூட்டின் படத்தைக் கோப்பைகளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். என் கோப்பையில் 131 கைப்பிடிக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. மே முடிவதற்குள் பூட்டு உடைந்ததற்கான எண்ணைக் காட்டாவிட்டால், மஞ்சுஷாவின் முனைவர் பட்ட ஆய்வுச் சுருக்கத்தில் சார் கையெழுத்துப் போடமாட்டார். அவளுடைய உதவித்தொகை ஜூனோடு முடிகிறது. கையெழுத்து இல்லையென்றால் ஐந்து வருடம் சோதனைக்குழாய் கழுவியதாகக் கணக்கு. "வேற தலைப்பு எடுக்கலாமல்லோ," என்றார் சார், வேறு சட்டை எடுக்கச் சொல்வது போல.

மதியம் என் மேசைக்கு வந்தாள். நீலாம்பாள் சேச்சி அவள் வாயில் நீலேச்சி ஆகிவிடும். "நீலேச்சி... கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெற்று... தப்பு இருக்காதல்லே?"

"கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது மஞ்சுஷா," என்றேன்.

தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். நல்ல வாக்கியம். வீடு திரும்பும் படகில் இரண்டு தடவை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் பிறந்தது இங்கேயே, மட்டாஞ்சேரியில். அப்பா முனிசிபாலிடி வேலைக்காக இங்கே வந்தவர். அவர் ஊரான தேனிக்கு இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கார ஓமனா சேச்சிக்கு நான் தமிழ்நாட்டின் தூதர். இன்று மாலை தூதரகத்துக்கு ஒரு புகார்.

"நீலாம்பாளே, மேல் ரூம்ல உன் நாட்டுக்காரங்க ரெண்டும் எந்நேரமும் பேச்சோட பேச்சு. சண்டை போடுதுங்களா, சிரிக்குதுங்களா, ஒண்ணும் மனசிலாகல. போய்ச் சொல்லு."

போனேன். பாண்டித்துரை மட்டும் இருந்தான். பிராட்வே சந்தையில் பகல் முழுக்க மூட்டை தூக்குபவன். இன்று விடுமுறை. அறையைப் பகிர்ந்துகொள்ளும் சங்கிலிப்பாண்டியோடு என்ன சண்டை என்று கேட்டேன்.

"அவன்கூடவா? நல்லாருக்கே! அவனுக்கு ஓட்டல்ல ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை. அவன் மூஞ்சியப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சுக்கா. ஞாயித்துக்கிழமை அவன் தூங்குறான்னு நான் கடல்பக்கம் போயிருவேன். கட்டில்ல கை வச்சா சூடா இருக்கும், இப்பத்தான் போயிருக்கான்னு நெனச்சுக்கிடுவேன். அம்புட்டுத்தான் எங்க பழக்கம்."

ஒரு கட்டில். இரண்டு பெட்டி. சத்தம் என்பது இருவரும் அவரவர் முறைக்கு ஊருக்குப் போன் பேசுவது.

கீழே வந்து விளக்கினேன். ஓமனா சேச்சி நம்பவில்லை. "கள்ளம். வாடகை எக்ரிமென்ட்ல ரெண்டு பேரு பேரும் உண்டல்லே? அப்போ ரெண்டு பேரும் உள்ளதான் இருப்பாங்க."

இவரிடம் என்ன பேசுவது? ஒரு தாளில் சேர்ந்து எழுதியிருந்தால் சேர்ந்து படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம்!

ஏப்ரல் 28, திங்கள்

மஞ்சுஷா தன் பின்னிணைப்பில் பூட்டின் தூரத்தை மூன்று தசம இடம் வரை போட வேண்டும் என்றாள். என் பட்டியலில் ஒரு தசமம்தான். அதனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு புரதத்தின் மூலத் தரவுக் கோப்பைக் கணினியில் திறந்தேன். அணுவுக்கு ஒரு வரி. 84-ஐத் தேடினேன்.

84 இரண்டு தடவை இருந்தது.

வரியின் பதினேழாவது கட்டத்தில் ஒரு தடவை A, ஒரு தடவை B. பக்கத்தில் 'பாதி' 'பாதி' என்று எண். படிகத்துக்குள் இந்த நொதி கோடிக்கணக்கான பிரதிகளாக அடுக்கி இருக்கும். பாதிப் பிரதிகளில் 84-இன் கை இப்படி நீட்டியிருக்கிறது, மீதிப் பாதியில் அப்படி. கட்டமைப்பைத் தீர்த்தவர் நேர்மையாக இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார். 131-க்கும் அதே போல A, B. 84 இங்கே வரும்போது 131 ஒதுங்கிக்கொள்கிறது. 131 வரும்போது 84 விலகிவிடுகிறது.

என் நிரல் பதினேழாவது கட்டத்தைப் படிப்பதே இல்லை. 84-இன் A-யையும் 131-இன் B-யையும் எடுத்து, பக்கத்தில் நிற்கவைத்து, அளந்து, 2.1 என்று எனக்குச் சொல்லியிருக்கிறது. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் அவ்வளவு கிட்டத்தில் நிற்கவே முடியாது என்பது முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். நான் 'அசாதாரண நெருக்கம்' என்று எழுதினேன். A-க்கும் A-க்கும் அளந்தால் 7.8. B-க்கும் B-க்கும் 8.3. தொடர்பு இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

நேற்றைய கட்டில்தான் நினைவுக்கு வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஓமனா சேச்சியைப் பார்த்துச் சிரித்தேனே — நான் இரண்டு வருடமாக அந்த எக்ரிமென்ட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஐயோ. அந்தப் பொண்ணு எட்டு மாசமா சரியான எண்ணக் கொண்டுவந்து கொண்டுவந்து குடுத்திருக்கா. என்ன எழவு வேலடி பாத்து வச்சிருக்க நீலாம்பா?

ஏப்ரல் 30

சொல்லவில்லை. மஞ்சுஷா எட்டாவது தடவைக்கு நொதி தயாரிக்கிறாள். அவளுக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்தேன். என் மனசாட்சி எவ்வளவு சுலபத்தில் வயிறு நிறைகிறது!

மே 2, வெள்ளி

முதலில் சாரிடம் தனியாகச் சொன்னேன். அந்தத் தரவுக் கோப்பைக் காட்டினேன். அவருக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. முட்டாள் இல்லை, அதுதான் கஷ்டம்.

"நீலாம்பாள், இந்தப் பதினேழாம் கட்டம் ஆரு நோக்கப் போறாங்க? கட்டுரை வரட்டும். மஞ்சுஷா தலைப்ப மாத்திக்கட்டும், சின்ன குட்டியல்லே, வயசிருக்கு." பிறகு மிகவும் பரிவாக: "உன் கான்ட்ராக்ட் செப்டம்பர்ல புதுக்கணும், இல்லையா?"

சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பரிவாகப் பேசினால் ஆளைப் பார்ப்பதில்லை.

மே 5, திங்கள்

வாராந்திரக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சொல்லாமலிருக்கக் காரணங்கள் தேடினேன். கிடைத்தவை அத்தனையும் சாருடைய குரலில் இருந்தன.

84-இன் இரண்டு வரிகளைத் திரையில் போட்டேன். "தப்பு என் நிரலில். மஞ்சுஷாவின் எண் சரி. பூட்டு என்று ஒன்றே கிடையாது." எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள்.

சார் விடவில்லை. "நிரல் தப்புன்னா எண் சரின்னு ஆகாது. வேற ஒரு கை செஞ்சு அதே அறுபத்தொண்ணு வரட்டும். அப்போ கையெழுத்து போடறேன்." நியாயம்தான், அவர் சொன்னாலும் நியாயம்தான். வேறு கை யாருடையது? ஒவ்வொருவருக்கும் ஏதோ அவசர வேலை இருந்தது.

மஞ்சுஷா கூட்டத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். நன்றி என்று சொல்லவில்லை.

"கம்ப்யூட்டருக்குக் கை கிடையாதுன்னு சொன்னீங்களே சேச்சி. உங்களுக்கு உண்டல்லோ?"

மே 14

சோதனை மேசையை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. பூட்டில்லாத நொதிக்கு என் முதல் எண் 57. சார் எட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு போனார். அவருக்கு வேண்டிய எண்ணைக் கொடுத்த ஒரே சுத்தமான கை என்னுடையது.

மஞ்சுஷா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நிறைய குமிழி. நொதிய சாயா ஆத்துற மாதிரி ஆத்தாதீங்க சேச்சி. ரெண்டு கையாலயும் பிடிங்க. நடுங்காது."

இரண்டு கையாலும் பிடித்தேன்.

மே 16

58. மறுபடியும் குமிழி. பேச விருப்பமில்லை.

மே 22, வியாழன்

பழைய நொதி: 61. பூட்டில்லாதது: 61. மறுபடியும் 61. மூன்றாவது தடவையும் 61.

வரைபடத்தைச் சாரின் மேசையில் வைத்தேன். அரை மணி நேரம் அச்சுப்பொறியில் கோளாறு இருக்குமோ என்று ஆராய்ந்தார். பிறகு பேனா கேட்டார். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஜூன் 3

கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. இதழிலிருந்து இரண்டு வரிப் பதில்: எங்கள் நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். சார் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார், 'நேர்மை' என்ற சொல்லின் கீழ் கோடு போட்டு.

ஜூன் 16, திங்கள்

மழை. படகு அரை மணி தாமதம்.

மஞ்சுஷா ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாவது இயல் முழுக்க 84-க்கும் 131-க்கும் தொடர்பு இல்லை என்பது பற்றியே. எட்டு தடவை அவள் எண், மூன்று தடவை என் எண். என் 57-ஐயும் 58-ஐயும் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாள், காரணத்தோடு. வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள எனக்கு வாய் இல்லை.

சார் வெளியூர்க் கூட்டத்தில் 'பலரும் கவனிக்காத பதினேழாவது கட்டம்' என்று பேசப் போயிருக்கிறார். என் செப்டம்பர் கான்ட்ராக்ட் பற்றி யாரும் பேசவில்லை.

பூட்டுக் கோப்பைகளில் இப்போது பேனாவும் கத்தரிக்கோலும் நிற்கின்றன. மஞ்சுஷா மட்டும் தன்னுடையதைக் கழுவி, சாயா ஊற்றி, ஒரே கையில் பிடித்து, என் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்று குடித்தாள். மற்றக் கையில் போன், சுருக்கம் கொடுத்தாயிற்று என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.