கண்ணை எடுத்த இடம்

மார்ச் 3
சைகைமொழி வீடியோக்களில் வாக்கியம் முடியும் இடத்தைக் குறிப்பது ஆய்வகத்தில் என் வேலை. முற்றுப்புள்ளி கிடையாது. கடைசிச் சைகை சற்று நீளும், தலை லேசாக அசையும், கண் சிமிட்டும், கை இறங்கும். நாளெல்லாம் பிறர் இமைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அண்ணனின் கைகள். தையல்கடை வைத்திருக்கிறான், காது கேட்காது. வங்கி, டாக்டர், கரண்ட் ஆபீஸ் – எங்கும் அவன் வாய் நான்தான்.

மார்ச் 6
வெளியூர்ப் பல்கலைக்கழகம் வேலைக்குக் கூப்பிடுகிறது. இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். எட்டு வருடத்தில் மூன்றாவது அழைப்பு. இவனை யாரிடம் விட்டுப் போவது?

மார்ச் 7
சாப்பாட்டின்போது அண்ணன், "நீ அங்க போனா" என்று கையால் ஆரம்பித்தான். "போகல" என்று முடித்துவிட்டுத் தட்டோடு எழுந்தேன்.

மார்ச் 12
ஆய்வுக்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சை ஒரு வாரம் படம்பிடித்துக் கொடுத்திருந்தேன்; ஏழாம் தேதியும் அதில் உண்டு. என் குறிப்புகளைச் சரிபார்ப்பவள் பக்கத்து மேசைக்காரி. அவளுக்கும் காது கேட்காது. படத்தை நிறுத்திவிட்டுச் சைகையில் கேட்டாள்:
"அக்கா, இங்க முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்களே?"
"முடிஞ்சுதே. எழுந்துட்டேனே."
"எழுந்தது நீங்க. அவர் முடிக்கல. கை அந்தரத்துல நிக்குது, கண்ணு சிமிட்டல. காதைப் பொத்திக்கிற மாதிரி நீங்க முகத்தைத் திருப்பிக்கிறீங்க. வீட்ல எப்பவுமே மகாராணி இப்படித்தானா?"
இப்படிப் பதினோரு இடம். பதினொன்றிலும் முடிவு என் முதுகு.
கேமரா கோணமாக இருக்கும். – சே, என்ன கோணம்!

மார்ச் 13
அண்ணன் எதிரே உட்கார்ந்து, அன்று பாதியில் விட்டதைச் சொல்லச் சொன்னேன். அவன் கை மடியில் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.
"நீ அங்க போனா சந்தோஷம். போகாட்டியும் நான் கடைக் கூட்டாளி வீட்டு மாடிக்குப் போறேன். ரெண்டு வருஷமா கூப்பிடுறான். அவனுக்கும் கை நல்லாப் பேசும். நீ தனியாக் கிடப்பியேன்னுதான் இருந்தேன்."
எனக்காகவா? இவனா?
"வாயை மூடு, ஈ போயிடப்போகுது" என்று சிரித்தான்.

மார்ச் 18
போய்விட்டான். வங்கிக்கும் கூட்டாளியோடு போய்வந்தானாம். அரைமணி நேரத்தில் வேலை முடிந்ததாம். நான் போனால் ஒரு பொழுது ஆகும்.

மார்ச் 20
போன இரண்டு தடவையும் மறுப்புக்குக் காரணம் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினேன். இன்று சூழ்நிலையைத் தேடி அறை அறையாகப் பார்த்தேன். என்னைத் தவிர யாருமில்லை.
"வருகிறேன்." அந்த ஒரு சொல்லை அடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.