கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்றுதான் ரொம்பப் பயந்துபோனேன். முதியோர் இல்லத்தில் நான் கவனித்துக்கொள்ளும் பெரியவரின் கட்டில் காலையில் காலியாகக் கிடந்தது. விரிப்பைக்கூட உருவிவிட்டார்கள். போய்விட்டார் என்றே நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்லம்மா. மாடிக்கு மாத்தியாச்சு, நீ எழுதினதை வச்சுத்தான்" என்றார் தமிழ் பேசும் தலைமை நர்ஸ்.

வாரப் படிவத்தில் 'அழுகிறாரா?' என்ற கேள்விக்கு அக்கேஷனலி, அதாவது எப்போதாவது, என்பதில் தொடங்கி சம்டைம்ஸ், ஆஃபன், ஃப்ரீக்வென்ட்லி என்று நான்கு கட்டங்கள். கடைசி இரண்டுக்கும் அகராதியில் 'அடிக்கடி' என்றுதான் போட்டிருக்கிறது. ஏதோ ஒன்று என்று கடைசியில் டிக் அடித்திருந்தேன்.

"ஆஃபன்னா இங்கேயே இருப்பாரு. ஃப்ரீக்வென்ட்லின்னா மாடிதான், கதவைப் பூட்டி வைப்பாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?"

உடனே திருத்திக் கொடுத்தேன். நாளை கீழே கொண்டுவந்துவிடுவார்களாம். கவலைப்படாதீர்கள்.

அம்மாவை எதையாவது பேசச் சொல்லி போனில் பதிந்து அனுப்புங்கள். யாரையாவது திட்டினாலும் சரி.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது. நேற்று டூட்டி முடிந்ததும் ஊழியர்களுக்கும் அதே படிவம் கொடுத்தார்கள். 'அழுகிறீர்களா?' என்று கேட்டிருந்தது. முதல் கட்டத்திலேயே டிக் அடித்துவிட்டேன் அப்பா.

உங்கள் மகள்