கெடுதலை முதலில் எழுதச் சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்பிள்ளை சேவியருக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மெழுகுவத்தியும் செவ்வந்தியும் வாங்கியாயிற்று. நாளைக்கு ஊரே நின்று ஜெபம் சொல்லும்போது உன்னைத் திட்ட முடியாது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

எதை எழுதினாலும் அதன் கெடுதலை முதலில் எழுது, பயனை அப்புறம் எழுது என்பாயே, உன் முறைப்படியே ஆரம்பிக்கிறேன். என் தங்கச்சி அமலாவை நீ ஏமாற்றிவிட்டுப் போனாய். வேறு எப்படிச் சொல்வது இதை?

அந்த முறை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறதா? குஜிலியம்பாறைப் பக்கம் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த நூல் மில்லில், கம்ப்யூட்டர் ரூம் ஏசி ரிப்பேரான பங்குனி மாசம். புழுக்கம் தாங்காமல் யாரோ டேப் டிரைவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் ஃபேனைச் சொருகிவிட்டார்கள். சாயங்காலம் வழக்கம்போல யூனிக்ஸ் மெஷினில், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஸ்கிரிப்டை ஓட்டினோம். பஞ்சுப் பேல் கணக்கை டேப்பில் நகல் எடுப்பது அதன் முதல் வேலை, மெஷினில் இருப்பதை அழிப்பது அடுத்த வேலை. நகல் எடுக்க முடியவில்லை. ஆனாலும் அடுத்த வேலையை அது ஒழுங்காகச் செய்து முடித்தது. ஒரு மாசக் கணக்கு காற்றோடு போயிற்று.

மேனேஜர் ஆபரேட்டர்களை நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்தார். நீதான் குறுக்கே போய் நின்றாய். "அவங்க மேல தப்பில்ல சார். ஒரு வேலை தப்பாப் போனா அங்கனயே நில்லுன்னு ஷெல்லுக்கு யாருமே சொல்லி வைக்கல. சொன்னாத்தான் அது நிக்கும்" என்றாய். ஷெல் என்பது நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி மெஷினைச் செய்ய வைக்கிற புரோகிராம். அதைக் கூப்பிடும்போதே -e என்று ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால், நகல் எடுக்க முடியாத அந்த இடத்திலேயே அது நின்றிருக்கும். இங்கிலீஷ் மேனுவலில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி எங்கேயோ மூலையில் கிடந்தது. அன்றைக்கு உனக்குப் பிடித்தது வெறி.

-e மாதிரி ஷெல்லுக்கு இருக்கிற ஒவ்வொரு ஆப்ஷனையும் பற்றித் தமிழில் எழுத ஆரம்பித்தாய். மேலே கெடுதல், கீழே பயன். -n பற்றி நீ எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். "கெடுதல்: இது எந்த வேலையையும் செய்யாது. வேலை முடிந்தது என்று நினைத்து டீக்கடைக்குப் போய்விடாதே. பயன்: ஓட்டிப் பார்க்காமலே எழுத்துப் பிழையைக் காட்டும்." இதைப் படித்து மில்லே சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் ஒருத்தனும் தப்பு செய்யவில்லை.

பிறகு அமலாவை உனக்குக் கட்டிக்கொடுத்தோம். நீ ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, யூனிக்ஸ் மாதிரியே ஓடுகிற லினக்ஸைப் போட்டு, அவளைப் பரீட்சைக்கு உட்கார வைத்தாய். பன்னிரண்டாவதோடு நிறுத்திய பிள்ளை. நீ எழுதின தாளில் உள்ளதை மட்டும் பார்த்து அவள் தட்ட வேண்டும், நீ வாயைத் திறக்கக் கூடாது. அவள் தடுமாறினால் தப்பு தாள் மேல்தான் என்று திரும்ப எழுதுவாய். -e வந்த அன்றைக்கு நானும் உன் வீட்டில் இருந்தேன். தட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "நிக்கிது, சரி. எதுல நின்னுச்சுன்னு சொல்லுமா, சொல்லாமலே நிக்குமா?"

பல சமயம் அது சொல்லாமலே நிற்கும் என்பதை நீ எழுதியிருக்கவில்லை. அதையும் கெடுதலில் சேர்த்தாய். கூடவே -x போட்டுக்கொள், செய்யப் போகிற ஒவ்வொரு வரியையும் காட்டிவிட்டுத்தான் செய்யும், எங்கே நின்றது என்று தெரியும் என்றும் எழுதினாய். அவள் கேட்ட கேள்வியால்தான் அந்தப் பக்கம் உருப்பட்டது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாய்.

அப்படிக் கேட்டவளிடமா மாப்ளே சொல்லாமலே நின்றாய்?

மில்லில் சரிந்து விழுந்த உன்னை வேனில் போட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். அங்கே இருந்த டாக்டர் உன் முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். அமலா பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று தெரியாமல் சொன்னார்: "இவருக்கு நெஞ்சுல அடைப்புன்னு தை மாசமே சொன்னேனே, உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் பண்ணிக்குங்கன்னு. வீட்ல பயந்துருவாங்க, சொல்லிறாதீங்க டாக்டர்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு."

அமலா அழவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நீ வாயு, வாயு என்று சொல்லிச் சொல்லி மாத்திரையை மென்றதும், உனக்காக அவள் வெஞ்சனத்தில் பூண்டை அள்ளிப் போட்டதும் எனக்குத் தெரியும். நெஞ்சு அடைத்துக் கிடந்தவனுக்குப் பூண்டு! எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? விழுந்து கிடக்கிறவனை அடிக்க முடியுமா என்று அடக்கிக்கொண்டேன். துக்கத்துக்கு வந்த சனம் பூராவும் ஒரே பாட்டு: யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத மனுசன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொந்தரவு கொடுக்கத்தானடா உனக்குப் பெண்டாட்டி, மச்சான் எல்லாம்? இல்லையென்றால் நாங்கள் எதற்கு?

இப்போதைய சேதி கேள். உன் எழுத்தைப் புத்தகமாக இன்டர்நெட்டில் போட, தமிழில் லினக்ஸ் வளர்க்கிற பிள்ளைகள் சிலர் கேட்டார்கள். சந்தோஷமாகக் கொடுத்தோம். போன வாரம் அதில் ஒரு தம்பி போன் பண்ணினான். எல்லாம் அருமை, ஆனால் கெடுதலை எல்லாம் எடுத்துக் கடைசியில் ஒரே பக்கமாகப் போட்டுவிடலாமா என்றான். ஏன் என்று கேட்டேன். "புதுசாப் படிக்கிறவங்க பயந்துருவாங்க சார்."

டாக்டரிடம் நீ சொன்ன அதே வார்த்தை! அப்புறம் நான் அவனைப் பேசின பேச்சுக்குக் கணக்கே இல்லை. பாவம், அவன் என்ன செய்வான், பாதிக்கு மேல் உன்னைத்தான் திட்டினேன். போனை வைத்ததும் அமலா என்ன என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு அவள் சொன்னாள்: "பின்னாடி போடவா கேக்குறாங்க? எனக்கும் பின்னாடிதானண்ணே சொன்னாங்க."

மறுநாள் அந்தத் தம்பிக்கு நானே போன் போட்டு, கத்தினதற்கு வருத்தம் சொல்லி, அமலா சொன்னதையும் சொன்னேன். கெடுதல் மேலேயே இருக்கட்டும் சார் என்று அவனே சொல்லிவிட்டான்.

முறை என்றால் முறை, பயனையும் எழுதிவிடுகிறேன். உன் நாற்காலியில் இப்போது அமலாதான் உட்கார்ந்திருக்கிறாள். மில்லில் பரிதாபப்பட்டு வேலை கொடுத்தார்கள், உன் தாள்களைத் தட்டிப் பார்த்த பழக்கத்தில் அவள் நிலைத்துவிட்டாள். நீ பாதியில் விட்ட -u பக்கத்தை அவள்தான் எழுதுகிறாள். இப்போது பரீட்சைக்கு உட்கார்ந்து தட்டுகிறவன் நான். தடுமாறினால் உன்னை மாதிரி தாளைக் குறை சொல்வதில்லை, என்னைத்தான் முறைக்கிறாள்.

இன்னொன்று. எனக்குச் சர்க்கரை இருக்கிறதாம், இந்த மாசம்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அமலாவிடம் போய்ச் சொன்னேன். பயந்தாள். ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் எழுந்து போய் எனக்கு டீ போட்டாள், சீனி இல்லாமல்.

பயந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாயா மாப்ளே? அவ்வளவுதான் ஆகும். அதைச் செய்யக்கூட நீ அவளை விடவில்லை.

உன் புத்தகத்தில் கெடுதல் மேலேதான் இருக்கும். என் உடம்பில் எது கெட்டாலும் அன்றைக்கே அமலாவுக்குத் தெரியும். இரண்டுக்கும் நான் பொறுப்பு. நாளைக்கு மெழுகுவத்தி ஏற்ற வாரேன்.

இன்னும் கோபம் ஆறாத
உன் மச்சான்,
அமலாவின் அண்ணன் அருளப்பன்,
திண்டுக்கல்.