பெட்டி கட்டும் கடைக்கு முதல் பக்கம்

11 டிசம்பர் 2006, திங்கள்

பிஜியில் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டு ஆறு நாள் ஆகிறது. கடையில் தொலைபேசி ஓயவில்லை. நாட்டை விட்டுப் போகிறவர்களின் வீட்டுச் சாமான்களைப் பெட்டி கட்டிக் கப்பலேற்றும் கடை எங்களுடையது. லௌடோகா துறைமுகத்துக்குப் பக்கம். முதலாளி அப்பல்சாமி 87 கலகத்தில் ஒரு லாரி வாங்கினார், 2000 கலகத்தில் இரண்டாவது. இன்று கையைத் தேய்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சுமித்ரா, இந்தத் தடவை எல்லாம் கம்ப்யூட்டர்லதான் தேடுறானுவளாம். நம்ம கடை கூகிள்ல முதல் பக்கத்துல வரணும். நீதானே டைப் அடிக்கிறவ?"

டைப் அடிக்கிறவளுக்குக் கூகிளும் தெரியும் என்று யார் சொன்னது? நாளைக்கு லாரியின் கிளட்சையும் என்னிடம் கொண்டுவருவார்.

ஊரே பயந்து கிடக்கிறது, இந்த மனுஷனுக்கு முகம் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பில்தான் என் சம்பளமும். இதை எழுத எனக்குத் தமிழ் வசதி. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

ஒரே ஆறுதல் ராஜேந்திரா. மூன்று கலகத்துக்கும் எங்கள் ஊரைப் பற்றி என் புருஷன் சொன்னது ஒன்றுதான்: "நான் லோவுவ விட்டு வரமாட்டேன்." அதை நம்பித்தான் போகிறவர்களையெல்லாம் நான் வாய் வலிக்கக் கேலி செய்கிறேன்.

14 டிசம்பர், வியாழன்

தலைநகர் சுவாவிலிருந்து கௌஷல் என்ற நிபுணர் வந்தார். இந்த வெயிலில் கழுத்தில் டை. எங்கள் வலைத்தளத்தைத் திறந்து பார்த்து, பல்வலிக்காரர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

தவறு எங்களுடையதுதான். தளத்தை அப்பல்சாமி கோயில் நோட்டீஸ் மாதிரி போடச் சொல்லியிருந்தார். மேலே முருகன். அடுத்து மாலையோடு அப்பல்சாமி. அடுத்து அவருடைய அப்பா, தாத்தா, புரவலர்கள் பதினொரு பேர். கடைசியில், எறும்பு அளவில், "சாமான்கள் கப்பலில் அனுப்பப்படும்". அதுவும் முழுக்க ஒரே படமாக.

"ஆண்ட்டி, படத்துக்குள்ள இருக்கிற எழுத்த கூகிள் படிக்காது," என்றார் கௌஷல். "பக்கத்தோட தலைப்பு என்ன? 'வெல்கம்'. உலகத்துல யாராவது 'வெல்கம்'னு தேடி பெட்டி கட்டுவாங்களா? அவங்க எந்த வார்த்தைய தட்டுவாங்களோ, அதுதான் தலைப்புல இருக்கணும்."

அப்பல்சாமிக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்போ முருகன்?"

"முருகன் இருக்கட்டும் அங்கிள். கீழ இருக்கட்டும்."

அந்த ஆளைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று. மத்தியானம் வரைக்கும்தான். மத்தியானம் ஒரு தந்திரம் செய்தார் — வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "கலகம், ராணுவம், பிஜியை விட்டு ஓட" என்று அறுபது தடவை. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, கூகிளுக்குத் தெரியுமாம். சீ. பயத்தை எலிப்பொறித் தேங்காய்த் துண்டு மாதிரி வைக்கிறார்கள். பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை சரிபார்த்தவள் நான்.

3 ஜனவரி 2007, புதன்

கூகிளில் நாங்கள் இல்லவே இல்லை. கடையின் முழுப்பெயரைத் தட்டினாலும் இல்லை. கள்ள எழுத்தைக் கண்டுபிடித்துத் தூக்கியெறிந்துவிட்டார்களாம். கௌஷலுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. பிரிஸ்பேன் போய்விட்டாராம். யார் பெட்டி கட்டியது? நாங்கள்தான்.

9 ஜனவரி, செவ்வாய்

வெள்ளை எழுத்தையெல்லாம் அழித்தேன். கூகிளுக்கு மன்னிப்புக் கடிதம் போட்டேன். படத்தை எடுத்துவிட்டு வெறும் இங்கிலீஷ் எழுத்தில் பக்கங்கள் எழுதினேன். தலைப்பு: "லௌடோகாவிலிருந்து ஆக்லாந்துக்கு வீட்டுச் சாமான் அனுப்ப". ஒரு பக்கத்துக்கு ஒரே விஷயம். ஜனங்கள் தொலைபேசியில் கேட்கிற கேள்வியையே தலைப்பாக வைத்து, கீழே நேராகப் பதில். நாந்தியிலுள்ள பயண முகவர் எங்கள் முகவரியைத் தன் தளத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். நாலு பேர் நம்மைக் கைகாட்டினால் கூகிளும் நம்புமாம். கல்யாணத் தரகில் நடப்பதுதான்.

அப்பல்சாமி படித்துவிட்டு, "ரொம்ப சாதாரணமா இருக்கே" என்றார். மெச்சுகிறாராம்.

22 ஜனவரி, திங்கள்

திரும்ப வந்துவிட்டோம். மூன்றாம் பக்கம்.

கூகிளில் என்ன தட்டி நம்மிடம் வந்தார்கள் என்று தளத்தின் கணக்கே ஒரு பட்டியல் தருகிறது. அதுதான் இப்போது எனக்கு ஊர்வம்பு. "தையல் மெஷின் சிட்னி", "பிரிட்ஜ் அனுப்பலாமா", "மாமியாருக்குத் தனி விசா". தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு பதினேழாவது வரி, தமிழில் சொன்னால்:

"மதிப்பிற்குரிய ஐயா லோவுவிலிருந்து எழுதுகிறேன் அப்பாவின் ஆட்டுத்தோல் டோலக்கை ஆக்லாந்து கொண்டுபோக அனுமதி உண்டா தயவுசெய்து நன்றி"

கூகிளுக்கு மதிப்பிற்குரிய ஐயா போடுகிற ஆள் பூமியில் ஒருவர்தான். பள்ளிக்கூடத்து எழுத்தர், வயசு ஐம்பத்தேழு, தினமும் என் பக்கத்தில் படுப்பவர்.

23 ஜனவரி, செவ்வாய்

கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பருப்பில் உப்பு அதிகம் என்று மட்டும் சொன்னார்.

25 ஜனவரி, வியாழன்

போறதுன்னா சொல்லித் தொலைய வேண்டியதுதானே? எத்தனை நாளா இது? நானும் உண்டா, இல்ல டோலக்கும் அவரும் மட்டுமா? ஊரையெல்லாம் நக்கலடிச்சேனே, இப்ப என் மூஞ்சிய எங்க வைக்கிறது — தூ, இந்த நேரத்திலும் எனக்கு என் மூஞ்சிதான் பெரிசு.

மத்தியானம் கப்பல் அலுவலகத்தில் விசாரித்து ஒரு புதுப் பக்கம் எழுதினேன். தலைப்பு: "தோல் வாத்தியத்தை நியூசிலாந்துக்குக் கொண்டுபோகலாமா?" பதில்: சுத்தம் செய்து, மறைக்காமல் எழுதிக்கொடுத்து, சோதனைக்குக் காட்ட வேண்டும். மறைத்தால் பறித்துக்கொள்வார்கள். கடைசி வரி மட்டும் கூகிளுக்காக எழுதியதில்லை: "சந்தேகம் இருந்தால் இதை எழுதியவரிடம் நேரில் கேட்கவும்."

2 பிப்ரவரி, வெள்ளி

கேட்டார். சாயங்காலம் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்கு வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் நீ எழுதினதா?"

"ஆமா, மதிப்பிற்குரிய ஐயா."

மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. தண்ணீர்க்குழாயை இறுக்கி மூடினார்.

"விசாவுக்கு எனக்கு வயசு தாண்டிப்போச்சாம். உம்பேர்லதான் போடமுடியும். படிவம் வாங்கி வச்சிருக்கேன்."

"எம்பேர்ல போடுறத எங்கிட்ட சொல்லமாட்டீங்களா?"

"பயமாயிருந்திச்சு. நீ சிரிப்பே."

சிரித்திருப்பேன். அதுதான் நிஜம். பிறகு அவர் சொன்னது: "ரெண்டாயிரம் கலகத்துல இந்தியர் வீடா பாத்து கும்பல் வந்து கதவ உடைச்சானுவளே. நீ பீரோ பின்னால நின்ன. நான் டோலக்கத் தூக்கிக்கிட்டு கரும்புக்குள்ள ஓடினேன். உன்ன விட்டுட்டு. ஏழு வருஷமா அதே நெனப்பு. இன்னொரு வாட்டி வந்தா நான் என்னத்தத் தூக்குவேன்னு எனக்கே தெரியல, சுமி."

"என்னத் தூக்க மூணு ஆள் வேணும், டோலக்குதான் லேசு," என்றேன். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன், முகம் கழுவுகிற சாக்கில்.

இந்த நாட்டின் மேல் அருவருப்பு வருகிறது. ஒரு நல்ல மனுஷனை அவனுக்கே அசிங்கமாக்கிவிட்டார்களே.

17 மார்ச், சனி

முதல் பக்கம்! நாலாவது இடம். அதிகம் பேர் படித்தது தோல் வாத்தியப் பக்கம்தானாம். அப்பல்சாமி கேக் வாங்கினார். "கலகம் மட்டும் ஓயாம இருந்தா நாம எங்கயோ போயிருவோம்," என்றார். என் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டேன்.

படிவத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

12 நவம்பர், திங்கள்

விசா வந்துவிட்டது. எனக்குப் பதிலாக வந்திருக்கும் ஷானலுக்குக் கணக்குப் பட்டியலைப் படிக்கக் காட்டினேன். கெட்டிக்காரி. "ஆண்ட்டி, இதுல மனுஷங்க தெரியுறாங்க" என்றாள். சிரிக்காதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மத்தியானம் ராஜேந்திரா இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்று, சாமான் படிவத்தை நிரப்பி என் மேசையில் வைத்தார். பெட்டிகள் ஒன்பது. போகிறவர்கள் இரண்டு. "எங்கள் கடையைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்ற கேள்விக்கு, நண்பர், செய்தித்தாள் எல்லாவற்றையும் தாண்டி, "கூகிள்" கட்டத்தில் டிக் போட்டிருந்தார்.

அதை அடித்துவிட்டு "மனைவி" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். அவர் எழுதியதில் பொய் இல்லை என்று பேனாவை வைத்துவிட்டேன்.

முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.