சத்தார் சாயபுவின் கார் கிளம்பிய வெள்ளிக்கிழமை

ஆம்பூர்,
1935 ஆகஸ்டு

அன்பு மகள் ஜெயபுஷ்பத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் தம்பியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கடல் தாண்டி அந்த ஈப்போ ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். மாப்பிள்ளை வாங்கிய பழைய கார் செல்ஃப் ஸ்டார்ட்டரை மிதித்தால் டக்கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பாமல் கிடக்கிறது, தம்பி இன்பசேகரனைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு வலது கை முறிந்து கட்டுப் போட்டிருப்பதால் நான் எழுதுகிறேன். பதறாதே, சாப்பிடுகிறான், தூங்குகிறான். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன், காருக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தம்பி டிரைவராக இருக்கும் தோல் பதனிடும் ஷாப்பில் தணிகாசலம் என்று ஒரு மேஸ்திரி. எதிர்த்துப் பேசினாள் என்பதற்காகக் கன்னியம்மாள் என்ற வேலைக்காரப் பெண்ணைப் பிடித்துச் சுண்ணாம்புக் குழியில் தள்ளிவிட்டான். நர்ஸம்மா வேண்டுமென்று எனக்கு ஆள் வந்தது. நான் போய்க் கண்ணைக் கழுவக் கழுவ அவள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு கண் போயே போய்விட்டது. முதலாளி சத்தார் சாயபு எல்லார் முன்னாலும் தணிகாசலத்தை வெளியே போகச் சொன்னார், அவனும் போனான். கன்னியம்மாளை அவள் புருஷன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வெள்ளிக்கிழமை ஆனதால் ஆட்கள் எல்லாரும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கலைந்துவிட்டார்கள். ஷாப்பை ஒட்டித்தான் சாயபு வீடு. அவர் சம்சாரம் ஹலீமா பீ என்னை விடவில்லை, கை கழுவி ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள்.

சாயபு பள்ளிவாசலுக்குப் புறப்பட்டு நின்றார். தம்பி கார் கொட்டகையைத் திறந்து, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை எடுத்து வெளியே திண்டின் மேல் வைத்திருக்கிறான். தணிகாசலம் இரண்டு ஆட்களோடு வந்தவன் அதைத்தான் கையில் எடுத்தான். பின்னாலிருந்து சாயபு தலையில் ஒரே அடி. சமையற்கட்டில் இருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. தம்பி குறுக்கே கையை நீட்ட, அடுத்த அடி அவன் கையில் விழுந்தது. கீழே விழுந்தவனை மூஞ்சியிலேயே மிதித்தார்கள். அப்புறம் கீழே கிடந்த இருவரையும் விட்டுவிட்டு ஆவாரம்பட்டைக் கொட்டகைக்குத் தீ வைக்கப் போனார்கள். அந்த நேரத்தில் நானும் ஹலீமா பீயும் சாயபுவை இழுத்துக் காரில் போட்டு, தம்பியையும் உள்ளே கொண்டுவந்து கொட்டகைக் கதவைத் தாழிட்டோம்.

தம்பி ஏறி செல்ஃபை மிதித்தான். டக். மறுபடி மிதித்தான், டக். கைப்பிடி இருந்தால் நானே சுற்றியிருப்பேன், அது தணிகாசலம் கையில் இருந்தது. சாயபு காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தம்பி, “செல்ஃபோட பல்லு சிக்கியிருக்கும், கியர்ல போட்றேன், முன்னாலேர்ந்து தள்ளுங்க” என்றான். தள்ளினோம், வண்டி அசைந்தது, ஆனால் அதே டக்தான். பிறகு விளக்கைப் போட்டு ஹலீமா பீயைப் பார்க்கச் சொல்லி மிதித்தான். “வெளக்கு அடியோட அணைஞ்சு போவுது தம்பி” என்றாள். பேட்டரி வேலூரில் சார்ஜ் ஏற்றி வந்தது, அது செத்திருக்காது, கம்பி முனையில்தான் கோளாறு என்று கால்மாட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னான். பேட்டரியின் ஒரு முனை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. குறட்டால் அந்த முனையைக் கவ்வியிருந்த கம்பிப் பூட்டைக் கழற்றி, என் பையிலிருந்த கத்தரியால் முனையையும் பூட்டின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளவென்று தெரியும் வரை சுரண்டினேன். அதற்குள் கதவில் கைப்பிடியால் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பலகை பிளந்து வெளிச்சம் தெரிந்தது. திரும்ப மாட்டி அசையாமல் முறுக்கினேன். தம்பி மிதித்தான், இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையும் இப்படியே விளக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஜாக்கிரதை, குறடு இரண்டு முனையிலும் ஒருசேரப் பட்டால் நெருப்புப் பறக்கும்.

தம்பி இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடிக்க, அவன் சொல்லச் சொல்ல நான் கியரைத் தள்ளினேன். கதவை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் நேர் எதிரே தணிகாசலம் கைப்பிடியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். கண்ணாடி நொறுங்கி எங்கள் மேல் கொட்டியது. பின்னாலிருந்து ஹலீமா பீ, “நிறுத்தாதே, ஓட்டு” என்றாள். தம்பி பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சக்கரம் அவன் மேல் ஏறி இறங்கியது. மற்ற இருவரும் சுவரேறி ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. தம்பி, “அவனுக்காவா நிறுத்தச் சொல்றே? மொதலாளி போய்டுவாரும்மா” என்று அழுதான். புருஷன் தலையை மடியில் வைத்திருந்த ஹலீமா பீதான், “ஏத்திக்கோ நர்ஸம்மா. அவன் இப்டி சாவக்கூடாது. இன்னா செஞ்சான்னு அவன் வாயாலயே கோர்ட்டுல சொல்லணும்” என்று தன் துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்தாள். தம்பி வண்டியை நிறுத்தினான். நசுங்கிய காலுக்கு மேலே அதை இறுக்கிக் கட்டி, அவனை அவள் காலடியில் கிடத்தினேன். வழியெல்லாம் அவன் நெஞ்சின் மேல் தன் பாதத்தை ஊன்றியபடியே வந்தாள். பள்ளிகொண்டா தாண்டும்போது சாயபு மூச்சு நின்றது. அவள் பாதத்தை எடுக்கவில்லை. வேலூர் போய்ச் சேர்ந்தபோது தணிகாசலத்துக்கு உயிர் இருந்தது. காலை வெட்டியெடுத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

இப்போது தணிகாசலத்தின் மேல் கொலைக் கேசு நடக்கப்போகிறது. அவன் தானாகவே சக்கரத்தில் வந்து விழுந்தான் என்று தம்பியைச் சொல்லச் சொல்கிறார் நம் வக்கீல். தம்பி முடியாது என்கிறான், பிரேக் போடவில்லை என்றுதான் சொல்வானாம். ஹலீமா பீ, புருஷன் இறந்தால் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் நானே போய்ப் பார்த்தேன். இத்தா முடிந்ததும் கோர்ட்டுக்கு வருகிறாளாம். “ஓட்டுன்னு சொன்னது நான். மொதல்ல என்னெ எழுதிக்கச் சொல்லு” என்றாள். இதுவரை எந்தக் கோர்ட்டு கச்சேரி வாசலையும் மிதிக்காதவள்.

குழந்தைக்கு அம்மை வராமலிருக்க அம்மைப்பால் வைக்கத் தள்ளிப்போடாதே. மழையில் நனையாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. சாயபு ஆத்துமாவுக்காகவும், கன்னியம்மாளின் மிச்சக் கண்ணுக்காகவும், தம்பிக்காகவும் ஜெபம் பண்ண மறக்காதே. தணிகாசலத்துக்காகவும் ஜெபிக்கத்தான் வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அதை மட்டும் நீ செய்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஆக்னஸ்